கிளெர்மான்ட் கதவைச் சாத்திய நாள்

2019 ஏப்ரல் 27, சனிக்கிழமை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம். கடற்கரை நகரமான மக்காயிலிருந்து உள்நாட்டுக்குள் சுமார் 270 கிலோமீட்டர் போனால் கிளெர்மான்ட் வரும். சுமார் மூவாயிரம் பேர் வாழும் ஊர். மாட்டுப் பண்ணைகளும் நிலக்கரியும்தான் பிழைப்பு. வழக்கமாக அமைதியாகக் கிடக்கும் அந்த ஊர் அன்று சாலையோரத்தில் திரண்டு நின்றது.

தெற்கிலிருந்து வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. 'அதானியை நிறுத்து' என்ற வாசகம் அவற்றின் கண்ணாடிகளில் ஒட்டப்பட்டிருந்தது. சாலையோரத்தில் நின்றவர்களின் கைகளில் 'அதானியைத் தொடங்கு' என்ற பலகைகள். 'வீட்டுக்குத் திரும்பிப் போ', 'நிலக்கரி வேண்டாமென்றால் உன் வீட்டு விளக்கை அணை' என்றும் எழுதியிருந்தார்கள். வந்தவர்களுக்குச் சாப்பாடோ பீரோ கிடையாது என்று ஊர் பப்பில் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். வந்தவர்கள் ஊர்க் கண்காட்சித் திடலில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அங்கே ஒருவர் குதிரையோடு கூட்டத்துக்குள் புகுந்ததில் ஒரு பெண் அடிபட்டு விழுந்தார். குதிரையில் வந்தவர்மீது காவல்துறை வழக்குப் பதிந்தது.

அந்த வாகன அணிக்குத் தலைமை தாங்கி வந்தவர் பாப் பிரவுன். வயது 74. ஆஸ்திரேலியப் பசுமைக் கட்சியின் முன்னாள் தலைவர், பதினாறு ஆண்டுகள் செனட்டராக இருந்தவர். ஏப்ரல் 17 அன்று நாட்டின் தென்கோடித் தீவான டாஸ்மேனியாவின் தலைநகர் ஹோபார்ட்டில் கிளம்பி, மெல்பர்ன், சிட்னி, பிரிஸ்பேன் என்று நகரம் நகரமாகக் கூட்டம் சேர்த்து, பத்து நாள் பயணத்தில் இங்கே வந்து சேர்ந்திருந்தார். கிளெர்மான்டுக்கு வடமேற்கே 160 கிலோமீட்டரில் அதானி நிறுவனம் திறக்கவிருந்த கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கத்தைத் தடுப்பதுதான் நோக்கம். நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சரியாக மூன்று வாரம் பாக்கி.

சூழலுக்காக வாழ்நாளைக் கொடுத்த ஓர் அரசியல்வாதி, அந்தச் சூழல் சீரழிந்தால் முதலில் அடிபடப்போகிற ஊரிலேயே ஏன் எதிரியாகப் பார்க்கப்பட்டார்? அந்த ஒரு பயணம் எதையெல்லாம் மாற்றியது? ஆஸ்திரேலியா இன்னும் பேசிக்கொண்டிருக்கும் கேள்வி இது. சுரங்கம் இந்திய நிறுவனத்துடையது, கரியை எரிக்கப்போகிற உலைகளும் ஆசியாவில் இருப்பவை என்பதால் நமக்கும் உரிய கேள்விதான்.

சிறையிலிருந்து சட்டமன்றத்துக்கு

பிரவுன் அடிப்படையில் மருத்துவர். 1972இல் டாஸ்மேனியாவுக்குக் குடிபோனார். அதே ஆண்டுதான் அங்கே பெடர் ஏரி மின் திட்டத்துக்காக மூழ்கடிக்கப்பட்டது. அந்தக் கோபத்தில் பிறந்த 'ஐக்கிய டாஸ்மேனியா குழு'வை உலகின் முதல் பசுமைக் கட்சி என்று வரலாற்றாளர்கள் குறிப்பிடுகிறார்கள். அடுத்து ஃபிராங்க்ளின் நதியின் முறை வந்தது. 1982 டிசம்பரில் அணை கட்டும் இடத்தை மறித்து நடந்த போராட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பிரவுன் ரிஸ்டன் சிறையில் 19 நாள் இருந்தார். வெளியே வந்த மறுநாளே டாஸ்மேனியச் சட்டமன்ற உறுப்பினரானார்.

1983 மார்ச் தேர்தலில் அணையைத் தடுப்போம் என்று சொன்ன பாப் ஹாக்கின் தொழிற்கட்சி மத்தியில் ஆட்சியைப் பிடித்தது. ஜூலை 1 அன்று உயர்நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் மத்திய அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. அணைத் திட்டம் நின்றது, நதி பிழைத்தது. உலகம் கொண்டாடிய வெற்றி அது.

அந்த வெற்றியில் எல்லோரும் கவனிக்காமல் கடந்துபோன ஒரு விவரம் உண்டு. அதே மார்ச் தேர்தலில் டாஸ்மேனியாவின் ஐந்து தொகுதிகளிலும் தொழிற்கட்சி தோற்றது. நாடு முழுவதும் அணைக்கு எதிராகத் திரும்பியபோது, அணை வரவேண்டிய மாநிலம் அணை வேண்டும் என்றவர்களுக்கே ஓட்டுப் போட்டது. அணை கட்டினால் வேலை வரும் என்று நம்பியிருந்தவர்கள் அவர்கள். பக்கத்துச் சுரங்க ஊரான குவீன்ஸ்டவுனில் 'க்ரீனி' (பசுமைக்காரர்) என்பது அன்று வசைச்சொல்.

உள்ளூர் எதிர்த்தாலும் நாடு கூட நின்றால் ஜெயித்துவிடலாம் என்பதுதான் 1983 கற்றுக்கொடுத்த பாடம். போராட்டக்காரர்கள் படகேறிய ஸ்ட்ரான் என்ற சிற்றூர் இன்று அந்தக் காட்டையும் நதியையும் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளை நம்பித்தான் வாழ்கிறது. எதிர்த்த ஊருக்கும் பின்னாளில் நன்மையே விளைந்தது. இந்த அனுபவத்தை நெஞ்சில் சுமந்திருக்கும் ஒருவர் கிளெர்மான்டுக்கு வண்டி கட்டியதில் வியப்பில்லை. ஆனால் 2019இன் கணக்கு வேறு. இம்முறை ஆட்சி யாருக்கு என்பதைத் தீர்மானிக்கப்போவது குயின்ஸ்லாந்து என்று கட்சிகளே சொல்லிக்கொண்டிருந்தன.

---

பெட்டிச் செய்தி: கார்மைக்கேல் சுரங்கம்

• 2010: கலிலி படுகையின் நிலக்கரி உரிமத்தை அதானி வாங்கியது.

• முதலில் போட்ட திட்டம்: ஆண்டுக்கு 6 கோடி டன், 1,650 கோடி ஆஸ்திரேலிய டாலர் முதலீடு.

• ஆஸ்திரேலியாவின் நான்கு பெரிய வங்கிகளும் கடன் தர முன்வரவில்லை. 2014இல் பாரத ஸ்டேட் வங்கியோடு போட்ட 100 கோடி அமெரிக்க டாலர் புரிந்துணர்வு ஒப்பந்தமும் கடனாக மாறவில்லை.

• 2018 நவம்பர்: சொந்தப் பணத்தில் சுமார் 200 கோடி டாலருக்குச் சுருக்கப்பட்ட திட்டம் அறிவிக்கப்பட்டது. தொடக்க உற்பத்தி ஆண்டுக்கு 1 கோடி டன்.

• 10,000 வேலை என்பது நிறுவனம் பரப்பிய எண். குயின்ஸ்லாந்து நில நீதிமன்றத்தில் அதே நிறுவனத்தின் பொருளாதார நிபுணர் சொன்ன சராசரி எண் 1,464.

---

வெள்ளம் கொண்டுபோன ஊர்

கிளெர்மான்டை முரட்டுச் சுரங்கக்காரர்களின் ஊர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் அதன் கதையைக் கேட்டதில்லை. 1861இல் தங்கம் கிடைத்ததால் முளைத்த ஊர் அது. பிறகு செம்பு, பிறகு பக்கத்து பிளேர் அதாலில் நிலக்கரி. 1916 டிசம்பர் 28 அன்று இரவோடு இரவாக வந்த வெள்ளம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களை வாரிக்கொண்டு போனது. வெள்ளம் வடிந்தபோது ஒரு பியானோ மரக்கிளையில் சிக்கிக்கொண்டு நின்றது. அதன் நினைவாக இன்றும் ஊரில் ஒரு மரத்தின்மேல் பியானோ உருவம் வைத்திருக்கிறார்கள். வெள்ளத்துக்குப் பிறகு ஊரையே மேட்டுக்கு மாற்ற முடிவெடுத்தார்கள். தப்பிய மரவீடுகளையும் கடைகளையும் அடியோடு பெயர்த்து, நீராவி இழுவை எந்திரங்களில் கட்டி, 1917இல் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போனார்கள்.

இயற்கை சீறினால் என்ன ஆகும் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இல்லாத மக்கள் இவர்கள். பாட்டன் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள்.

சுரங்கம் மூடினால் என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ரியோ டின்டோ நடத்திவந்த பிளேர் அதால் சுரங்கம் 2012இல் மூடப்பட்டது. தோண்டிய நிலத்தைச் சீர்படுத்தும் பொறுப்பையும் அதற்கான ஏறத்தாழ 8 கோடி டாலரையும் சேர்த்து, பிறகு ஒரு சிறு நிறுவனத்துக்கு ஒரே ஒரு டாலருக்குக் கைமாற்றினார்கள். 2017இல்தான் அங்கே மறுபடி கரி வெட்டினார்கள். இடைப்பட்ட அந்த ஆண்டுகளை ஊர் மறக்கவில்லை. சம்பளக் குடும்பங்கள் கிளம்பிப்போனால் வீட்டு விலை விழும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைவார்கள், கடைத்தெருவில் ஷட்டர் இறங்கும். இந்த நினைவோடு இருப்பவர்களிடம் புதிய சுரங்கமே கூடாது என்று சொன்னால், அவர்கள் காதில் விழுவது 2012 திரும்ப வரப்போகிறது என்பது மட்டுமே. நம் ஊரில் இதற்கு ஒரு சொல் உண்டு: வயிற்றில் அடிப்பது. கிளெர்மான்ட் அன்று சாலையில் நின்றது அந்த அடியைத் தடுக்கத்தான்.

அவர்கள் நம்பிய வேலைக் கணக்கு ஊதிப் பெருக்கப்பட்டது என்பது உண்மை. பல வேலைகள் உள்ளூருக்கு வராமல், கடற்கரை நகரங்களிலிருந்து விமானத்தில் வந்து இரண்டு வாரம் தங்கி உழைத்துத் திரும்பும் தொழிலாளர்களுக்கே போகும் என்பதும் தெரிந்ததே. டவுன்ஸ்வில், ராக்ஹாம்டன் மாநகராட்சிகள் அந்தத் தொழிலாளர்களைத் தம் பக்கம் ஈர்க்க, சுரங்கத்துக்கு ஒரு விமானத்தளம் அமைத்துத் தரவே பணம் ஒதுக்க முன்வந்தன. இதையெல்லாம் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கலாம், கரிக்குப் பிறகு என்ன வேலை என்பதையும் பேசியிருக்கலாம். நூற்றுக்கணக்கானவர்கள் கொடியோடு ஒரே நாளில் வந்து இறங்கும்போது யாரும் யாரோடும் உட்கார்ந்து பேச வழியில்லை.

அழைத்தவர்கள் யார்?

பிரவுன் தரப்புக்கு ஒரு வலுவான பதில் இருக்கிறது. அவரை அழைத்தவர்கள் அந்த மண்ணின் மூத்த குடிகள். வாங்கன்–ஜகலிங்கூ மக்களின் ஒரு பிரிவினர், மூத்தவர் ஏட்ரியன் பரகுப்பாவின் தலைமையில், ஆண்டுக்கணக்காக இந்தச் சுரங்கத்தை நீதிமன்றங்களில் எதிர்த்து வந்தார்கள். தூங்மபுல்லா நீரூற்றுகள் அவர்களுக்குத் தெய்வம் உறையும் இடம். சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இறைத்தால் அந்த ஊற்றுகள் வற்றிவிடும் என்பதே அவர்களின் அச்சம். நிலவியலாளர்கள் பலரும் அதே கவலையைச் சொன்னார்கள்.

அந்தச் சமூகமும் இரண்டுபட்டுத்தான் இருந்தது. 2016 ஏப்ரலில் நடந்த கூட்டத்தில் 294 பேர் ஒப்பந்தத்துக்கு ஆதரவாகவும் ஒருவர் எதிராகவும் வாக்களித்தார்கள். எதிர்த்த பிரிவினர் கூட்டத்தையே புறக்கணித்து, அந்த வாக்கு செல்லாது என்றார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. வழக்குச் செலவைக் கட்ட முடியாமல் பரகுப்பா 2019 ஆகஸ்டில் திவாலானவராக அறிவிக்கப்பட்டார். அதே மாதம் சுரங்கப் பகுதியில் 1,385 ஹெக்டேர் நிலத்தில் பூர்விக உரிமையை மாநில அரசு ரத்து செய்தது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் வலிக்கும் இடம் இதுதான். தொலைக்காட்சிகளில் அன்று ஓடியது பப்புக்கும் பசுமைக்கும் நடந்த சண்டை. ஊற்றைப் பற்றிப் பேச வந்தவர்களின் குரலுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. தெற்கிலிருந்து வந்த வண்டிகளின் நீளமே செய்தியாகிவிட்டது. மண்ணுக்குரியவர்களின் வழக்கு அந்தப் புழுதியில் மறைந்துபோனது.

மூன்று வாரம் கழித்து

மே 18 அன்று வாக்குப்பதிவு. கருத்துக்கணிப்புகள் எல்லாம் தொழிற்கட்சி வெல்லும் என்றன. பிரதமர் ஸ்காட் மாரிசனின் லிபரல்–நேஷனல் கூட்டணி 151 இடங்களில் 77 பிடித்து ஆட்சியைத் தக்கவைத்தது. குயின்ஸ்லாந்தின் 30 தொகுதிகளில் 23 அந்தக் கூட்டணிக்குப் போயின. தொழிற்கட்சிக்குக் கிடைத்தவை ஆறு.

---

பெட்டிச் செய்தி: நிலக்கரித் தொகுதிகள் சொன்ன தீர்ப்பு

• கேப்ரிகோர்னியா (கிளெர்மான்ட் இதில்தான்): கூட்டணியின் முன்னிலை 0.6 சதவீதத்திலிருந்து 12.4 சதவீதம் ஆனது.

• டாசன் (மக்காய் பகுதி): 3.4இலிருந்து 14.6 சதவீதம்.

• ஹெர்பர்ட் (டவுன்ஸ்வில்): 2016இல் தொழிற்கட்சி 37 வாக்கில் வென்ற தொகுதி. இம்முறை கை நழுவியது.

• ஹண்டர் (நியூ சவுத் வேல்ஸ்): தொழிற்கட்சியின் கோட்டை. ஒரு சுரங்கத் தொழிலாளியை நிறுத்திய ஒன் நேஷன் கட்சி 21 சதவீதத்துக்கும் மேல் வாங்கியது.

---

மறுநாளே பழி முழுவதும் பிரவுனின் தலையில் விழுந்தது. தொழிற்கட்சிக்காரர்களே வெளிப்படையாகத் திட்டினார்கள். இது முழு நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. கேப்ரிகோர்னியாவும் டாசனும் ஏற்கெனவே கூட்டணியின் கையில் இருந்தவை. மாநிலத்தில் தொழிற்கட்சி இழந்தவை ஹெர்பர்ட், லாங்மன் என்ற இரண்டே தொகுதிகள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே இருக்கும் ஹண்டர் பள்ளத்தாக்கின் முடிவில் கிளெர்மான்ட் திடலுக்கு எவ்வளவு பங்கு இருக்க முடியும்? சுரங்க அதிபர் கிளைவ் பாமர் விளம்பரத்துக்கு வாரியிறைத்த கோடிகள் இருக்கின்றன. தொழிற்கட்சியின் வரித் திட்டங்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும்விட, அதானி பற்றி மெல்பர்னில் ஒரு பேச்சும் மக்காயில் ஒரு பேச்சுமாக அந்தக் கட்சி தடுமாறியது. தோல்வியை ஆராய அது அமைத்த குழுவின் அறிக்கை அந்த ஆண்டு நவம்பரில் வெளிவந்தபோது, இந்த இரட்டைப் பேச்சு சுரங்க ஊர்களில் கட்சியைச் சாய்த்ததை ஒளிக்காமல் சொன்னது.

ஆனால் வாகன அணியின் உண்மையான விளைவு வாக்குப்பெட்டிக்கு வெளியே இருந்தது. தேர்தலுக்கு முன், மே 2 அன்று, கருந்தொண்டைச் சில்லை என்ற அழிந்துவரும் சிறு பறவைக்கான பாதுகாப்புத் திட்டம் போதாது என்று குயின்ஸ்லாந்து அரசின் சுற்றுச்சூழல் துறை அதானியிடம் திருப்பிக்கொடுத்தது. மாநிலத்தை ஆண்டதும் தொழிற்கட்சிதான். தேர்தல் முடிவைப் பார்த்த முதல்வர் அனஸ்தாசியா பலாஷே, இனி இழுத்தடிக்கக்கூடாது என்று கெடு விதித்தார். மே 31 அன்று பறவைத் திட்டத்துக்கு ஒப்புதல். ஜூன் 13 அன்று நிலத்தடி நீர்த் திட்டத்துக்கு ஒப்புதல். ஒன்பது ஆண்டு இழுபறி, வாக்குப்பதிவு முடிந்த 26 நாளில் தீர்ந்தது.

2021 டிசம்பர் இறுதியில் கார்மைக்கேல் கரி ஏற்றுமதிக்குத் தயார் என்று நிறுவனம் அறிவித்தது. அதற்குள் அந்த நிறுவனம் ஆஸ்திரேலியாவில் தன் பெயரை பிரேவஸ் என்று மாற்றிக்கொண்டிருந்தது. நீரூற்றுகளின் கதை இன்னும் முடியவில்லை. நிலத்தடி நீர் பற்றிய நிறுவனத்தின் கணிப்பில் குறைகண்டு, பூமிக்கடியில் சுரங்கம் தோண்டுவதற்கு 2023இல் மாநிலச் சுற்றுச்சூழல் துறை தடை போட்டது. கிளெர்மான்டுக்கு வந்தவர்கள் எச்சரித்ததும் இதைத்தான்.

பிரவுன் வருந்தவில்லை. சுரங்கத்தைப் பற்றி நாட்டைப் பேசவைத்தோம் என்பதே அவர் நிலை. அதிலும் ஒரு பாதி உண்மை உண்டு. 6 கோடி டன் திட்டம் 1 கோடி டன்னாகச் சுருங்கியதற்கு நகரங்களில் வங்கி வாசல்களில் நடந்த போராட்டங்களே பெரிய காரணம். 2019 செனட் தேர்தலில் குயின்ஸ்லாந்தில் பசுமைக் கட்சியின் வாக்கு கூடியது. 2022இல் பிரிஸ்பேன் நகரத்தில் மூன்று கீழவைத் தொகுதிகளை அது வென்றது. கேப்ரிகோர்னியா கூட்டணியின் கையிலேயே இருந்தது. நகரம் அன்று பச்சைப் பக்கம் சாய, ஊர்ப்புறம் மறுபக்கமே நின்றது. ஒரு மாநிலத்துக்குள் இரண்டு நாடுகள்.

வேலிக்கதவில் தொடங்கிய இன்னொரு பாதை

இதே குயின்ஸ்லாந்தில், இதே பசுமைக் கட்சியில் இன்னொருவர் இருந்தார். மாநிலத்தில் அந்தக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ட்ரூ ஹட்டன். நிலக்கரிப் படுகையிலிருந்து எரிவாயு எடுக்க நிறுவனங்கள் விவசாயிகளின் வயலுக்குள் துளையிட வந்தபோது, அவர் பண்ணைகளுக்குத் தனியே காரோட்டிக்கொண்டு போனார். அந்த விவசாயிகள் பெரும்பாலும் பழமைவாதக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள், பசுமைக்காரர்களைக் கண்டாலே ஆகாதவர்கள். அவர்களோடு சமையலறை மேசையில் உட்கார்ந்து, நிறுவனம் கொடுத்த காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, எதற்குக் கையெழுத்துப் போடவேண்டாம் என்று பேசினார். 2010இல் 'லாக் த கேட்' கூட்டமைப்பு பிறந்தது. வேலிக்கதவைப் பூட்டு என்பது பெயரின் பொருள். பண்ணைக் கதவுகளில் மஞ்சள் முக்கோணப் பலகைகள் தொங்கின.

எல்லைக்கு அந்தப் பக்கம், நியூ சவுத் வேல்ஸின் வடகிழக்கு மூலையில், இந்த முறை இன்னும் ஆழமாகப் போனது. தெருத்தெருவாக உள்ளூர்க்காரர்களே நடந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, உங்கள் தெருவில் எரிவாயுக் கிணறு வேண்டுமா வேண்டாமா என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் பதிலை எழுதிக்கொண்டார்கள். கேட்டவரும் சொன்னவரும் ஒரே தெரு. வேண்டாம் என்று சொன்ன தெருக்கள் சேர்ந்து ஊராகின, ஊர்கள் சேர்ந்து வட்டாரமாகின. 2014இல் பென்ட்லி என்ற இடத்தில் துளையிடும் எந்திரம் வருவதாக இருந்தபோது, ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு விவசாயியின் வயலில் முகாமிட்டார்கள். மே மாதம் அரசு நிறுவனத்தின் உரிமத்தை நிறுத்திவைத்தது. 2015 மாநிலத் தேர்தலில் நேஷனல் கட்சியின் கையிலிருந்த பலினா தொகுதியில் பசுமைக் கட்சி வென்றது.

எரிவாயு விவசாயியின் கிணற்றைக் கெடுக்கிறது, நிலக்கரி தொழிலாளிக்குச் சம்பளம் தருகிறது, இரண்டும் ஒன்றா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சுரங்க ஊரில் வேலை கடினம்தான். அதனாலேயே அங்கே இன்னும் முன்னதாகப் போயிருக்க வேண்டும், இன்னும் அதிக நாள் தங்கியிருக்க வேண்டும். மூடிய பிளேர் அதால் நிலத்தைச் சீர்படுத்த ஒதுக்கிய பணத்தில் உள்ளூர்க்காரர்களுக்கு எத்தனை ஆண்டு வேலை கிடைக்கும் என்ற கணக்கோடு 2013இல் ஒருவர் கிளெர்மான்ட் பப்பில் வந்து உட்கார்ந்திருந்தால், அவருக்கு ஒரு பீர் கிடைத்திருக்கும் என்றே நம்புகிறேன்.

அதே மண், ஒரு தமிழ்க் குடும்பம்

இப்படி நம்புவதற்கு எனக்குக் காரணம் பிலோயலா. அதுவும் மத்திய குயின்ஸ்லாந்துதான். கலைட் நிலக்கரிச் சுரங்கமும் அனல்மின் நிலையமும் இறைச்சித் தொழிற்சாலையும் உள்ள ஊர். ஃபிளின் தொகுதியைச் சேர்ந்தது. கேப்ரிகோர்னியாவைப் போலவே 2019இல் கூட்டணியின் முன்னிலையை உயர்த்திக் கொடுத்த தொகுதி. தஞ்சம் கேட்டு வந்தவர்களிடம் கடுமை காட்டவேண்டும் என்று பேசிய கட்சிக்கு ஓட்டுப் போட்ட மக்கள்.

அந்த ஊரில் இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்று வாழ்ந்தது. கணவர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். இரண்டு பெண் குழந்தைகளும் அங்கேயே பிறந்தன. 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலை அதிகாரிகள் வந்து குடும்பத்தையே தூக்கிக்கொண்டு போனார்கள். மெல்பர்ன் தடுப்பு மையம், பிறகு கிறிஸ்துமஸ் தீவு. நாடு கடத்த விமானத்தில் ஏற்றி, நீதிமன்ற உத்தரவால் பாதி வழியில் இறக்கினார்கள்.

ஊர் விடவில்லை. பெரிய இயக்கங்கள் வந்து சேரும் முன்பே ஊர்க்காரர்களே மனு எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், அமைச்சர்களின் வாசலில் நின்றார்கள். நாடு முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் அந்த மனுவில் கையெழுத்திட்டார்கள். நாலு ஆண்டுக்கு மேல் நடந்தது அந்தப் போராட்டம். அந்தக் குடும்பத்தை அவர்களுக்குத் தெரியும். தொழிற்சாலை வாசலில், மருத்துவமனையில், கடைத்தெருவில் நாள்தோறும் பார்த்துப் பழகிய முகங்கள்.

2022 ஜூனில் அந்தக் குடும்பம் திரும்பி வந்தது. விமானம் இறங்கிய இடத்தில் பிலோயலா காத்துக்கொண்டு நின்றது. அங்கேயும் கைகளில் பலகைகள் இருந்தன.